மிகத் தொலைவிலிருந்து வந்தவருக்கு ஒரு டயர்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இரவு உணவுக்கு முந்தைய நிகழ்ச்சியில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறேன். மேடையில் சொன்னதை அதிகம் மாற்றவில்லை.)



செயலாளர் அண்ணன் போன வாரம் போன் செய்து, "சாப்பாடு ரெடியாகறதுக்குள்ள ஒரு இருபது நிமிஷம் நீ பேசணும்ப்பா" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பேசு" என்றார். எனக்குத் தெரிந்தது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் குழாய்கள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்பதுதான். அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "வேற ஏதாவது இருக்கா?" என்றார். ஆகவே இன்று ஒரு பாடகியைப் பற்றிப் பேசப்போகிறேன். அவரும் எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து வந்தவர்தான் என்பதால், நான் துறை மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

பெயர் ஜானிஸ் ஜாப்ளின். அமெரிக்க ராக் பாடகி. நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் ரூமில் கம்ப்யூட்டரில் அவருடைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை, வெறும் குரல். கூடவே ஏதோ தட்டுகிற சத்தம். நான் அறிவாளித்தனமாக, "அண்ணே, ஸ்பீக்கர்ல ஒரு சேனல் போயிடுச்சு, ஒயரைப் பாருங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஒயர்லாம் சரியாத்தான்டா இருக்கு. பாட்டே அவ்வளவுதான். பேசாம கேளு" என்றார். கேட்டேன். புரிந்தது பாதிதான். ஆனால் அந்தக் குரல் மண்டைக்குள் தங்கிவிட்டது.

டெக்சாஸ் மாநிலத்தில் கடலோரமாக போர்ட் ஆர்தர் என்று ஓர் ஊர். 1901-ல் பக்கத்தில் ஸ்பிண்டில்டாப் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்ட பிறகு ஆலைகள் வந்து, ஆலைகளால் வளர்ந்த ஊர். 2019-ல் வேலை நிமித்தமாக அந்தப் பக்கம் ஐந்து வாரம் இருந்தேன். டெக்சகோ அந்தக் காலத்தில் தொடங்கிய ஆலை இன்று வேறு பெயரில் ஒரு நாளைக்கு 6 லட்சம் பீப்பாய்க்கு மேல் சுத்திகரிக்கிறது. காற்றிலேயே கந்தக வாடை. நமக்கு அது பழகிய வாடைதான், ஊரை நினைத்துக்கொண்டேன். 1943 ஜனவரி 19-ல் ஜானிஸ் பிறந்தது இந்த ஊரில். அப்பா சேத் ஜாப்ளின், டெக்சகோவில் பொறியாளர். வீட்டில் மூத்த பெண் ஜானிஸ், பிறகு ஒரு தங்கை, ஒரு தம்பி. ஒழுங்கான, புத்தகம் படிக்கிற குடும்பம். அம்மா டோரத்தி நன்றாகப் பாடுவார்.

சின்ன வயதில் ஜானிஸுக்குப் பிடித்தது ஓவியம். ஓவியர் ஆவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊர் நூலகத்துக்குப் படங்கள் வரைந்து கொடுத்திருக்கிறார். அப்புறம் பதினாலு, பதினைந்து வயதில் நிலைமை மாறியது. உடம்பு பருத்தது, முகமெல்லாம் பரு. கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் தனித்தனிப் பள்ளிகளில் வைத்திருந்த காலம் அது. அது தப்பு என்று வகுப்பிலேயே எழுந்து சொன்ன பெண் இவர். கேட்க வேண்டுமா? நடைவழியில் கேலி, பட்டப்பெயர், காசு விட்டெறிதல். நண்பர் என்று இருந்தது நாலைந்து பையன்கள்தான். அவர்களோடு சேர்ந்து லெட் பெல்லி, பெஸ்ஸி ஸ்மித், ஒடெட்டா என்று கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டார். ஒருநாள் ஒடெட்டா மாதிரியே பாடிக் காட்ட, பையன்கள் அசந்துபோனார்கள். ஜானிஸுக்கே அன்றைக்குத்தான் தன் தொண்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

1960-ல் பள்ளி முடிந்தது. 1962-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பழைய பெட்ரோல் பங்க் ஒன்றை பீர்க் கடையாக்கி வைத்திருந்த கென்னத் த்ரெட்கில் என்ற பெரியவர் தன் கடையில் பாட இடம் கொடுத்தார். தானும் பாடுவார். "நீ பாடு பொண்ணு, நல்லா வருவே" என்கிற ரகம். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அதே 1962-ல் அந்த வளாகத்தில் ஒரு போட்டி. தர்ம நிதி திரட்டுவதற்காக ஒரு மாணவர் அமைப்பு வருடா வருடம் நடத்துவது. 'வளாகத்தின் மிக அவலட்சணமான ஆண்' யார் என்று ஓட்டுப் போடும் வேடிக்கை. பையன்கள் கோரமாக வேஷம் கட்டி நிற்பார்கள். அந்த வருடம் யாரோ ஜானிஸின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஆண்கள் போட்டியில் ஒரு பெண்ணின் பெயர். அவர் ஜெயித்தார் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது தவறு, ஜெயிக்கவில்லை. பெயர் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. வெளியே சிரித்துச் சமாளித்தாலும் அது அவரை எவ்வளவு காயப்படுத்தியது என்று அக்கால நண்பர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். 1963 ஜனவரியில் படிப்பை விட்டுவிட்டு, செட் ஹெல்ம்ஸ் என்ற நண்பரோடு, போகிற வண்டிகளில் இடம் கேட்டு ஏறி சான் பிரான்சிஸ்கோ போய்விட்டார்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். போட்டியைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன் நான். காரணம் இருக்கிறது.

எங்கள் பேட்ச் மெக்கானிக்கலில் மூன்றே பெண்கள். அதில் ஒருவருக்குக் கொஞ்சம் கரகரத்த குரல், வேகமான நடை. வொர்க்‌ஷாப்பில் லேத் மெஷினில் எங்கள் பேட்ச்சிலேயே அவர் கைதான் சுத்தம். நாங்கள் இரண்டு எம்.எம். அதிகமாகக் கடைந்துவிட்டு முழித்துக்கொண்டிருப்போம். டிபார்ட்மெண்ட் விழாவில் டைட்டில் கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒரு டைட்டில் கொடுத்தோம், ஓர் ஆண் பெயர். கூடவே அட்டையில் வெட்டிக் கருப்பு மை பூசிய மீசை. அதை இங்கே சொல்ல மாட்டேன். என் பேட்ச்காரர்கள் நாலாவது வரிசையில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். மேடைக்கு வந்தார், மீசையை வாங்கினார், மூக்கின் கீழ் வைத்துக் காட்டினார், சிரித்தார். ஹால் அதிர்ந்தது. "ஸ்போர்ட்டிவ்" என்று அவரைப் பாராட்டினோம். அந்த டைட்டிலை எதுகை மோனையோடு எழுதியது நான். மீசை வெட்டியதும் நான்தான். டிராயிங் ஷீட்டில்.

சரி, சான் பிரான்சிஸ்கோ. முதல் தடவை போனது உருப்படவில்லை. போதை மருந்துப் பழக்கம் பிடித்துக்கொண்டு, 1965-ல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். இதை மறைத்துப் பேசுவது சரியில்லை. கொண்டையைக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்து, ஒரு வருடம் 'நல்ல பெண்ணாக' இருந்து பார்த்தார். 1966 ஜூனில் அதே செட் ஹெல்ம்ஸிடமிருந்து அழைப்பு. பிக் பிரதர் அண்ட் தி ஹோல்டிங் கம்பெனி என்ற குழுவுக்குப் பாட ஆள் வேண்டும். வீட்டில் ஆஸ்டினுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், சான் பிரான்சிஸ்கோவிலிருந்துதான் கடிதம் போட்டார், மன்னிப்புக் கேட்டு. அதற்குப் பிறகும் வீட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். என்ன டிரஸ் வாங்கினேன், நாய் என்ன செய்தது, பத்திரிகையில் என்னைப் பற்றி என்ன வந்தது என்று. தங்கை லாரா 1992-ல் அந்தக் கடிதங்களை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். மேடையில் கர்ஜித்த ஆளா இது என்று தோன்றும். ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு எழுதுகிற பிள்ளையின் கடிதம் மாதிரியேதான் இருக்கிறது.

1967 ஜூனில் மான்டெரே இசை விழா. குழுவின் முதல் நிகழ்ச்சியைப் படம் பிடிக்கவில்லை. ஜனங்கள் ஆடிப்போனதைப் பார்த்து, படத்துக்காகவே அவர்களை இரண்டாம் முறை மேடையேற்றினார்கள். பாடியது பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகியின் 'பால் அண்ட் செயின்'. பென்னிபேக்கர் எடுத்த படத்தில் பார்க்கலாம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாடகி காஸ் எலியட் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார். மறு வருடம் ஆகஸ்டில் 'சீப் த்ரில்ஸ்' ஆல்பம். எட்டு வாரம் முதலிடம்.

ராக் பாடிய முதல் பெண் இவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் தப்பு. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1940-களிலேயே எலெக்ட்ரிக் கிடாரை அதிரவிட்டவர். வாண்டா ஜாக்சன் 1950-களில் ராக் பாடியிருக்கிறார். ஆனால் பெண் என்றால் அலங்காரமாக நின்று இனிமையாகப் பாட வேண்டும் என்று ரசிகர்களும் கம்பெனிகளும் எதிர்பார்த்த காலத்தில், ஆண்கள் குழுவுக்கு முன்னால் நின்று, தலைமுடி முகத்தில் விழ, வேர்த்து விறுவிறுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிப் பாடி, அதற்காகவே லட்சக்கணக்கானவர்களை வரவழைத்தவர் இவர்தான். நம் பாஷையில் சொன்னால், ஆம்ப்ளிஃபையரை அதன் அளவுக்கு மேல் தள்ளினால் சிக்னல் உடைந்து கூடுதல் ஸ்வரங்கள் கிளம்புமே, அதை இவர் தொண்டையிலேயே செய்தார். ஒரே சமயத்தில் இரண்டு சுருதி கேட்கும். தற்செயலாக வந்தது அல்ல. ஓட்டிஸ் ரெடிங் சான் பிரான்சிஸ்கோவில் பாடியபோது, மேடைக்கு ஒட்டினாற்போல் இடம் பிடிக்க முன்கூட்டியே போய் நின்று, ஒரு நிகழ்ச்சி விடாமல் கவனித்திருக்கிறார். கத்தினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் வந்ததும் பழைய போர்ஷே கார் ஒன்றை 3,500 டாலருக்கு வாங்கினார். குழுவின் உதவியாளர் ஒருவர் அதன் உடம்பு முழுக்கப் பட்டாம்பூச்சி, மலை, கண் என்று வண்ணத்தில் இழைத்துக் கொடுத்தார். 2015-ல் அது 17 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. போர்ட் ஆர்தர் அருங்காட்சியகத்தில் அதன் நகல் ஒன்று நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். காரைவிட அங்கே என்னை நிறுத்தி வைத்தது, உயிரோடிருந்தபோது வைத்துக் கொடுமை செய்த ஊரே இவ்வளவையும் சேர்த்து வைத்திருக்கிறதே என்கிற விஷயம்தான்.

1970-ஆம் வருடத்துக்கு வருகிறேன். ஜூலையில் த்ரெட்கில் பெரியவருக்குப் பிறந்தநாள் விழா. ஜானிஸ் ஹவாய் தீவில் கச்சேரி முடித்த கையோடு விமானம் ஏறி ஆஸ்டின் வந்து, அங்கிருந்து கொண்டுவந்த பூமாலையைப் பெரியவர் கழுத்தில் போட்டார். ஆகஸ்டில் இன்னொரு காரியம். பெஸ்ஸி ஸ்மித் என்று சொன்னேனே, அவர் 1937-ல் கார் விபத்தில் இறந்தவர். 'ப்ளூஸ் மகாராணி' என்று கொண்டாடப்பட்டவருக்குப் பென்சில்வேனியாவில் 33 வருடமாகக் கல்லறைக் கல் இல்லை, வெறும் புல். சிறுமியாக பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஜுவானிடா கிரீன் என்ற பெண்மணியும் ஜானிஸும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ள, ஆகஸ்ட் 7-ல் கல் வைக்கப்பட்டது. மொத்தம் 500 டாலர்தான். அதற்கு 33 வருடம்.

அடுத்த வாரமே, ஆகஸ்ட் 12-ல் ஹார்வர்டு ஸ்டேடியத்தில் கச்சேரி. சுமார் 40,000 பேர். இரண்டே நாள் கழித்து எங்கே போனார் தெரியுமா? தன் பள்ளியின் பத்தாம் ஆண்டு ரீயூனியனுக்கு! அதனால்தான் இந்த மேடையில் இந்தக் கதை.

ஜூனிலேயே தொலைக்காட்சியில் டிக் கேவெட் நிகழ்ச்சியில் இதை அறிவித்துவிட்டார். வகுப்பிலிருந்தும் ஊரிலிருந்தும் மாநிலத்திலிருந்தும் சிரித்தே விரட்டினவர்கள், அவர்களைப் பார்க்கப் போகிறேன் என்கிற தோரணையில். கூந்தலில் கலர் கலராக இறகு, பெரிய வண்ணக் கண்ணாடி, கை நிறைய வளையல். பத்திரிகையாளர்கள் மைக்கோடு சூழ்ந்தார்கள். அந்தப் பேட்டி படமாக இருக்கிறது, 2015-ல் வந்த ஆவணப்படத்திலும் வருகிறது. ஆரம்பத்தில் நல்ல தெம்பு, ஜோக்குகள். பிறகு ஒருவர், பள்ளி நடன விழாவுக்குப் போனீர்களா என்று கேட்கிறார். யாரும் கூப்பிடவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆனால் முகம் சிரிப்போடு சேரவில்லை. உலகத்துக்கே தெரிந்த 27 வயதுப் பாடகி, அந்த ஒரு நிமிடம் பதினேழு வயதுப் பெண்.

விழாவில் இவருக்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள். பாடியதற்காக இல்லை. மிகத் தொலைவிலிருந்து வந்தவர் என்பதற்காக. பரிசு என்ன? ஒரு டயர். வண்டி டயர். வேடிக்கைக்காகத்தான். நம் சங்கத்தில் மிகத் தொலைவிலிருந்து வருகிறவருக்குப் பொன்னாடை போடுகிறோம், பரவாயில்லை. பழைய ஆட்கள் வந்து கட்டிக்கொள்வார்கள், அப்போது செய்தது தப்பு என்று ஒருத்தராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. என் ஊகம்தான்.

அக்டோபர் 4, 1970. ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் அறையில், ஹெராயின் அளவு மீறி, இறந்து கிடந்தார். வயது 27. 'பேர்ல்' ஆல்பத்தின் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டுக்கு இசை முடிந்து, குரல் மட்டும் பதிவாக வேண்டியிருந்தது. அந்தப் பாட்டைக் குரல் இல்லாமலே ஆல்பத்தில் சேர்த்தார்கள். 1971 ஜனவரியில் வந்தது, ஒன்பது வாரம் முதலிடம். உயிலில் நண்பர்களுக்கு விருந்து வைக்க 2,500 டாலர் ஒதுக்கியிருந்தார், வைத்தார்கள். சாம்பலைப் பசிபிக் கடலில் தூவினார்கள். போர்ட் ஆர்தர் ஊரார் 1988-ல் சிலை திறந்தார்கள்.

இந்தப் பேச்சைத் தயாரிக்க உட்கார்ந்தபோது, என் வகுப்புத் தோழிக்குப் போன் செய்தேன். வருடங்கள் கழித்து. இப்போது வெளிமாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் முழுவதும் அவர் பொறுப்பில். "மீசை விஷயத்தை மேடையில சொல்லலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சொல்லிக்கோ. என் பேரைச் சொல்லாதே. அந்தப் பேரையும் சொல்லாதே" என்றார். சாரி சொன்னேன். "சரி விடுடா" என்றார். அது மன்னிப்பா, இல்லை போனை வைக்கச் சொன்னதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ரீயூனியனுக்கு ஏன் ஒரு தடவைகூட வரவில்லை என்று கேட்டேன். "வந்தா யாராவது ஒருத்தன் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். நான் சிரிக்கணும். நாலு வருஷம் சிரிச்சாச்சு, போதும்" என்றார்.

நாலாவது வரிசை நண்பர்களே, அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் தருவேன். மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் டிபார்ட்மெண்ட் விழா அடுத்த மாதம் என்று கேள்விப்பட்டேன். டைட்டில் எழுதிய பேப்பர் இந்நேரம் ஏதோ ஒரு ரூமில் இருக்கும். அதை எழுதுகிறவன் எங்கள் காலத்தில் 47-ஆம் நம்பர் ரூமில் இருந்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சாம்பார் வாசனை வந்துவிட்டது, முடிக்கிறேன். சவுண்ட் சிஸ்டம் தம்பியிடம் ஒரு பாட்டுக் கொடுத்திருக்கிறேன். 'மெர்சிடிஸ் பென்ஸ்'. அக்டோபர் 1-ஆம் தேதி, இறப்பதற்கு மூன்று நாள் முன்னால், ஒரே மூச்சில் பதிவு செய்தது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. வாத்தியம் எதுவும் இல்லை, யாரும் எழுந்து ஒயரைப் பார்க்க வேண்டாம். பாட்டு முடிந்ததும் அவரே சிரிக்கிறார். அதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

போடுப்பா.